ஹாங்காங் நட்சத்திரங்கள் சொந்தக் குரலில்தான் பாடினார்களா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இதுதான்: சின்ன வயதில் வீடியோவில் பார்த்த ஹாங்காங் படங்களை இப்போது மறுபடி பார்க்கிறார். லெஸ்லி சியுங், ஆண்டி லாவ், அனிதா முய் என்று யார் பெயரைத் தேடினாலும் 'பாடகர், நடிகர்' என்றே வருகிறது. ஆனால் படத்தில் பேசும் குரல் ஒன்றாகவும் கடைசியில் ஒலிக்கும் பாட்டின் குரல் வேறாகவும் இருக்கிறது. அப்படியென்றால் அங்கேயும் பின்னணிப் பாடகர்கள் உண்டா, இவர்கள் வெறுமனே வாயசைத்தவர்கள்தானா என்று கேட்கிறார். பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. பாடியது யார் என்பது ஒன்று. ஒரு ஊரில் நடிக்கிறவர்கள் எல்லாம் எப்படிப் பாடகர்களாகவும் இருந்தார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: பாடிய குரல் அவர்களுடையது, பேசிய குரல்தான் பல நேரம் அவர்களுடையது இல்லை. நாம் பழகிய முறைக்கு இது நேர் எதிர். இரண்டாவதுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நான் மலேசியாவின் ஈப்போக்காரன். ஈப்போவில் கான்டனீஸ் என்ற தெற்குச் சீன மொழி தெரியாமல் காலம் தள்ள முடியாது. கோப்பிக் கடையிலும் சந்தையிலும் அதுதான் புழங்கும் மொழி. அதை வைத்தே எனக்குப் பிழைப்பும் அமைந்தது. கோலாலம்பூரில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்காக ஹாங்காங் படங்களுக்கும் தொடர்களுக்கும் மலாய் வசனவரி எழுதும் வேலையைப் பல வருடங்கள் பார்த்தேன். ஆகவே பேச்சு, டப்பிங், பாட்டு வரி பற்றி நான் சொல்வதை நம்பலாம். இசை இலக்கணம் கற்றவன் இல்லை. ராகம், ஸ்வரம் என்று யாராவது இறங்கினால் நான் ஒதுங்கிக்கொள்வேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஹாங்காங்கில் பின்னணிப் பாடகர்களே கிடையாது என்று சிலர் சொல்வது சரியில்லை. 1950கள், 60களில் ஹாங்காங்கில் இரண்டு சினிமாக்கள் அருகருகே நடந்தன, ஒன்று சீனாவின் பொது மொழியான மாண்டரினில், மற்றது கான்டனீஸில். பணமும் பெரிய ஸ்டுடியோவும் மாண்டரின் பக்கம். அங்கே நாம் அறிந்த மாதிரியான பின்னணிப் பாட்டு நன்றாகவே இருந்தது. ஷா பிரதர்ஸ் 1963-இல் எடுத்த 'தி லவ் எடர்ன்' படத்தில் கதாநாயகி பெட்டி லோ டி வாயசைத்த பாட்டுகளைப் பாடியவர் சின் டிங் என்ற பின்னணிப் பாடகி. அதே படத்தில் ஆண் வேடம் போட்ட ஐவி லிங் போ தன் பாட்டைத் தானே பாடினார், அதற்கு முன் அவரும் திரைக்குப் பின்னால் இருந்து மற்றவர்களுக்குப் பாடிக்கொடுத்தவர்தான். அந்த ஒரே படத்தில் பின்னணிக் குரலிலிருந்து நட்சத்திரமாக மாறினார். தைப்பேயில் அவரைப் பார்க்கக் கூடிய கூட்டம் இன்றும் பேசப்படுகிறது.

கான்டனீஸ் பக்கம் கதை வேறு. அங்கே சினிமாவுக்கு ஆள் வந்ததே நாடக மேடையிலிருந்து. கான்டனீஸ் ஓபராவில் பாடத் தெரியாதவனுக்கு வேஷம் கிடையாது, ஆகவே பாடுவதும் நடிப்பதும் பிரிக்க முடியாத ஒரே தொழில். யாம் கிம்-ஃபாய், பாக் சூட்-சின் என்று ஒரு ஜோடி, இருவரும் பெண்கள், யாம் எப்போதும் நாயகன் வேடம் கட்டுவார். டாங் டிக்-சாங் எழுதி 1957-இல் மேடையேறிய அவர்களுடைய இளவரசி நாடகம் இரண்டு வருடத்தில் படமாகவும் வந்தது. கல்யாண இரவில் இளவரசியும் மாப்பிள்ளையும் விஷம் குடிக்கும் முன் பாடும் அந்தக் கடைசிப் பாட்டு, ஓபரா பக்கமே போகாத ஹாங்காங்காரருக்கும் முதல் ரெண்டு வரியாவது வாயில் வரும். யாமின் சிஷ்யையாகச் சேர்ந்த கோனி சான் அறுபதுகளில் 200க்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். அவருக்கும் ஜோசஃபின் சியாவுக்கும் இருந்த ரசிகர் கூட்டங்களில் பெரும்பாலோர் தொழிற்சாலைப் பெண்கள், இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. அந்தப் படங்களில் நாம் பழகிய மாதிரியே கதையை நிறுத்திவிட்டு ஆடிப் பாடுவார்கள், மேல்நாட்டுத் தாளம், குட்டைப் பாவாடை எல்லாம் உண்டு. ஆக, 'ஹாங்காங் படத்தில் நடுவில் பாட்டே வராது' என்பதும் எழுபதுகளுக்குப் பிறகு வந்த நிலைமைதான்.

இது எப்படி நின்றுபோனது என்றால், சினிமாவே நின்றுபோனது. 1967-இல் டிவிபி இலவசத் தொலைக்காட்சி தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்தபடி கான்டனீஸ் கேட்கலாம் என்று ஆனதும் மலிவாக எடுத்த கான்டனீஸ் படத்துக்குக் காசு கொடுப்பானேன்? இன்னொரு பக்கம் மாண்டரின் வாள்சண்டைப் படங்கள் வண்ணத்தில், அகலத் திரையில் வந்து அடித்தன. 1972-இல் ஹாங்காங்கில் ஒரு கான்டனீஸ் படம்கூட வெளிவரவில்லை. ஊரில் பெரும்பாலோர் பேசும் மொழியில் ஒரு வருடம் முழுக்க ஒரு படமும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அப்போது பாப் பாட்டு என்றால் ஆங்கிலம், கொஞ்சம் கௌரவம் என்றால் மாண்டரின். கான்டனீஸில் பாடுவது பாமரத்தனம் என்று படித்த பிள்ளைகள் நினைத்தார்கள். 1973-இல் சோர் யூன் இயக்கிய 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' வந்தது. ஒரு ஒண்டுக்குடித்தன வீடு, அதில் அராஜகம் பண்ணும் வீட்டுக்காரி, டிவிபி முகங்கள் ஏராளம். ஹாங்காங் வசூலில் அது புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' படத்தையே முந்தியது. கான்டனீஸ் சினிமா செத்துப்போனது என்று எழுதிவிட்டவர்களெல்லாம் அந்த வசூலைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

அதற்கு அடுத்த வருடம்தான் நீங்கள் கேட்ட கதையின் உண்மையான ஆரம்பம். சாம் ஹுய், ஹாங்காங் பல்கலைக்கழகப் பட்டதாரி, அதுவரை ஆங்கிலப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ராக் இளைஞன். அண்ணன் மைக்கேல் ஹுய் 1974-இல் 'கேம்ஸ் கேம்ப்ளர்ஸ் ப்ளே' என்ற சூதாட்ட நகைச்சுவைப் படத்தை எடுத்தபோது தம்பி அதில் நடித்ததோடு தலைப்புப் பாட்டையும் கான்டனீஸில் பாடினார். படமும் சாதனை, பாட்டும் சாதனை. 1976-இல் 'தி பிரைவேட் ஐஸ்'. இந்தப் படத்தை ஒரு முறையாவது பாருங்கள், சமையலறைச் சண்டையில் மைக்கேல் ஹுய் சாசேஜ் கோர்வையை நஞ்சக்கு மாதிரிச் சுழற்றுவார், எதிரி சுறாவின் தாடையெலும்பை எடுத்துக்கொண்டு வருவான். அதன் தலைப்புப் பாட்டு சம்பளத்துக்கு மாரடிக்கிறவன் புலம்பல்: நாள் முழுக்க ஓடுகிறோம், மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லை, முதலாளி மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை, இந்த ரீதியில் போகும். தெருவில் பேசும் கொச்சை அப்படியே பாட்டில் ஏறியது. கான்டனீஸில் பாடுவது வெட்கம் என்ற எண்ணத்தை உடைத்ததில் சாம் ஹுய்க்குத்தான் முதல் பங்கு. டிவிபி தொடர்களின் தலைப்புப் பாட்டுகளுக்கும் பெரிய பங்கு உண்டு, அவற்றில் பலவற்றுக்கு ஜோசஃப் கூ மெட்டுப் போட ஜேம்ஸ் வோங் வரி எழுதினார். 1980-இல் சௌ யுன்-ஃபாட் நடித்த ஷாங்காய் தாதா தொடருக்கு பிரான்சிஸ் யிப் பாடியது அந்தக் கூட்டணியின் பாட்டுதான். ஈப்போவில் அதை முணுமுணுக்காத தமிழ்ப் பையன் எங்கள் வட்டாரத்தில் கிடையாது, அர்த்தம் தெரிந்தவர்கள் பாதிப் பேர்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். எல்லாரும் எப்படிப் பாடகர்கள்? திறமை ஊற்றெடுத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இதில் பெரும்பகுதி வியாபாரம். அந்தக் காலத்து ஹாங்காங்கின் மக்கள்தொகை ஐம்பது அறுபது லட்சம்தான். அவ்வளவு சின்னச் சந்தையில் நடிக்க ஒருவர், பாட ஒருவர், விளம்பரத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக வளர்த்துக் கட்டுபடியாகாது. ஒரு முகத்தைப் பிரபலமாக்கச் செலவழித்த பணத்தைப் படம், இசைத்தட்டு, மேடைக் கச்சேரி, விளம்பரம் என்று நாலு வழியில் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கான பட்டறையை டிவிபி வைத்திருந்தது. சௌ யுன்-ஃபாட், ஆண்டி லாவ், டோனி லியுங் சியு-வாய் எல்லாரும் அதன் நடிகர் பயிற்சி வகுப்பிலிருந்து வந்தவர்கள், ஏரன் குவோக் அங்கே நடனக்காரராகச் சேர்ந்தவர். 1982-இல் டிவிபியும் அதன் துணை இசைத்தட்டு நிறுவனமும் சேர்ந்து புதுமுகப் பாடகர் போட்டி ஒன்றைத் தொடங்கின. முதல் வருடமே ஜெயித்தவர் அனிதா முய். அவருக்கு அது முதல் மேடையே இல்லை, லாய் சி கோக் பொழுதுபோக்குப் பூங்காவில் அக்காவோடு சேர்ந்து சின்னக் குழந்தையிலிருந்தே பாடிச் சம்பாதித்தவர். பதினெட்டு வயதில் போட்டி மேடையேறியபோதே அவருக்குப் பல வருட அனுபவம் இருந்தது, ஒலிவாங்கியைப் பிடிக்கும் விதத்திலேயே அது தெரியும்.

1983-இல் ஹுங் ஹாம் பகுதியில் 12,500 பேர் உட்காரும் கொலிசியம் அரங்கம் திறந்ததும் கணக்கே மாறியது. நடுவில் மேடை, நாலு பக்கமும் ரசிகர்கள். அங்கே எத்தனை இரவு தொடர்ந்து நிரப்புகிறார் என்பதே ஒருவரின் மதிப்பை அளக்கும் கோல் ஆகிவிட்டது. 1989-இல் ஆலன் டாம் 38 இரவு பாடினார். அதே வருடக் கடைசியில் லெஸ்லி சியுங் பாட்டுக்கு விடைகொடுத்து 33 இரவு பாடினார். ஆலனுக்கும் லெஸ்லிக்கும் இருந்த ரசிகர் சண்டை எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. விஷயம் முற்றிப்போய், இனிமேல் போட்டி உள்ள விருது எதையும் வாங்க மாட்டேன் என்று ஆலன் மேடையிலேயே அறிவித்தார்.

படத்துக்குப் பணம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். தைவான், மலேசியா, சிங்கப்பூர் விநியோகஸ்தர்கள் படம் எடுக்கும் முன்பே ஏரியா உரிமைக்கு முன்பணம் கொடுப்பார்கள். கதை எழுதி முடித்திருக்க மாட்டார்கள், நடிகர் பெயரைப் பார்த்துத்தான் பணம் வரும். ஈப்போவிலோ தைப்பேயிலோ ஒருவர் பெயர் விலைபோவதற்கு அவர் பாட்டு அங்கே ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். கேசட் அந்த வேலையைச் செய்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாங்காங் வருடத்துக்கு 200 படங்களுக்கு மேல் எடுத்தது, ஆண்டி லாவ் ஒரே ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் வந்தார். ஜாக்கி சியுங், ஆண்டி லாவ், லியோன் லாய், ஏரன் குவோக் நால்வரையும் 'நான்கு பரலோக மன்னர்கள்' என்று பத்திரிகைகள் கொண்டாடியது அப்போதுதான். அந்தப் பட்டத்துக்கு நான் பெரிய மரியாதை கொடுப்பதில்லை. அது விற்பனைக்கு வசதியான பெயர், அவ்வளவுதான்.

சரி, பாட்டைப் படத்தில் எங்கே வைத்தார்கள்? எழுபதுகளுக்குப் பிறகு பாத்திரங்கள் பாடுவது அரிதாகி, பாட்டு காட்சியின் மேல் ஒலிக்கத் தொடங்கியது. யாரும் வாயசைப்பதில்லை. இயக்குநர் வோங் கார்-வாயின் முதல் படமான 'ஆஸ் டியர்ஸ் கோ பை', 1988, இதற்கு நல்ல உதாரணம். லன்டாவ் தீவின் படகுத்துறையில் ஆண்டி லாவ் ஓடிவந்து மேகி சியுங்கின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டெலிபோன் பூத்துக்குள் முத்தமிடுவார், வெளிச்சம் கூசிக்கூசித் திரை வெளுத்துப்போகும். அங்கே ஒலிப்பது ஒரு அமெரிக்கப் பாட்டின் மெட்டுக்கு எழுதிய கான்டனீஸ் வரிகள், பாடுவது சாண்டி லாம். படத்தில் ஆண்டி லாவ் இருக்கிறார், ஜாக்கி சியுங் இருக்கிறார், இரண்டு பாடகர்கள் கைவசம் இருந்தும் பாட்டு மூன்றாமவருக்குப் போனது. தைவானில் ஓடிய பதிப்பில் அந்த இடத்தில் வேறு பாட்டு. ஏரியாவுக்கு ஏற்றபடி பாட்டைக் கழற்றி மாட்டலாம் என்றால் பாத்திரம் வாயசைக்காமல் இருப்பதுதானே வசதி? 1990-இன் 'எ மோமென்ட் ஆஃப் ரொமான்ஸ்' படத்திலும் இதே கதைதான். ஆண்டி லாவ் மூக்கில் ரத்தம் வழிய, வெள்ளைக் கல்யாண உடையில் காதலியைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் தேவாலயத்துக்குப் போகும் அந்தக் காட்சியைப் பார்த்து ஈப்போவில் எத்தனை பேர் ஜீன்ஸ் ஜாக்கெட் வாங்கினார்கள் என்று சொல்லி மாளாது.

இதற்கு அழகான விதிவிலக்கு ஸ்டான்லி குவான் இயக்கிய 'ரூஜ்'. முப்பதுகளின் ஷெக் டோங் சுய் தாசி வீடு. ஆண் உடையில் அனிதா முய் பழைய நாம்யாம் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கிறார், அப்போது பணக்கார வீட்டுப் பையனாக லெஸ்லி சியுங் வந்து சேர்கிறார். நாம்யாம் என்பது கண் தெரியாத பாடகர்கள் பாடிப் பரப்பிய தெற்குச் சீனக் கதைப்பாட்டு. அன்றைய தேதியில் ஊரின் மிகப் பெரிய இரண்டு பாப் குரல்களை ஒரே சட்டகத்தில் வைத்து, பாப் சாயலே இல்லாத பாட்டைப் பாடவைத்தது சாதாரணத் துணிச்சல் இல்லை. அனிதாவின் குரல் பெண்ணுக்குத் தாழ்ந்த குரல், ஆண் வேடத்தில் அது அப்படிப் பொருந்தும். யாம் கிம்-ஃபாயின் நிழல் அங்கே விழுவதாக எனக்கு எப்போதும் தோன்றும், அது என் அபிப்பிராயம் மட்டுமே. அந்த வேடத்துக்காக அனிதாவுக்கு தைவானின் கோல்டன் ஹார்ஸ் விருதும் ஹாங்காங் திரைப்பட விருதும் கிடைத்தன.

பாட்டு வரி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மற்ற ஊர்ப் பாட்டிலிருந்து இது பிரியும் இடம் அதுதான். கான்டனீஸில் ஆறு தொனிகள். ஒரே ஓசையை ஏற்றி இறக்கிச் சொன்னால் பொருள் மாறிவிடும். மாண்டரினும் தொனி மொழிதான், ஆனால் மாண்டரின் பாப் பாட்டில் மெட்டுக்காகத் தொனியை விட்டுவிடுவார்கள், கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். கான்டனீஸில் அப்படி விட்டால் காதுக்குக் கோமாளித்தனமாக இருக்கும். ஆகவே மெட்டு எங்கே ஏறுகிறதோ அங்கே ஏறும் தொனியுள்ள சொல்லைத் தேடிப் போட வேண்டும். மெட்டுக்குப் பாட்டெழுதுவது எல்லா ஊரிலும் கஷ்டம்தான், இங்கே சந்தம் போதாது, ஒவ்வொரு அசையின் உயரமும் பொருந்த வேண்டும். எண்பதுகளில் ஜப்பானிய மெட்டுகளை வாங்கி இப்படி வரி போட்டு நிறையப் பாடினார்கள். லெஸ்லியை உச்சிக்குக் கொண்டுபோன 1984-இன் 'மோனிகா'வே அப்படி வந்ததுதான். 1989-இல் ஒரே ஜப்பானிய மெட்டை அனிதா முய் ஒரு வரியிலும் பிரிசில்லா சான் வேறு வரியிலும் பாடி, இரண்டும் ஹிட். அனிதாவின் பாட்டு அவரே நடித்த 'எ பெட்டர் டுமாரோ 3' படத்தில் வந்தது. வசனவரி எழுதும்போது இந்தப் பாட்டுகள்தான் என்னைப் படுத்தியவை. தொனிக்காகத் தேடிப் போட்ட பழைய எழுத்துமொழிச் சொல் ஒன்று வந்து நிற்கும், மலாயில் அதற்கு எதையும் போடலாம், எதுவும் ஒட்டாது.

இனி உங்கள் காதில் உறுத்திய விஷயம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை ஹாங்காங் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் ஒலி பதிவு செய்யாமலே எடுக்கப்பட்டன. பேச்சு, அடி, காலடிச் சத்தம் எல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பதுதான். காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. 1998 வரை விமான நிலையமே நகரத்துக்கு நடுவில், வீட்டு மாடிகளை உரசுகிற மாதிரி விமானங்கள் இறங்கும் ஊரில் நேரடி ஒலி எடுப்பது லேசு இல்லை. நடிகர்களில் தைவான்காரர் உண்டு, கான்டனீஸ் தெரியாதவர் உண்டு. எப்படியும் தைவானுக்கு மாண்டரினில் தனிப் பதிப்பு வேண்டும். அப்புறம் முக்கியமான காரணம், மூன்று படத்தில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நட்சத்திரத்துக்கு டப்பிங் அறையில் வந்து உட்கார நேரம் கிடையாது. டப்பிங் கலைஞர் ஒருவர் பேசி முடித்துவிடுவார். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு படத்தின் வில்லனும் இன்னொரு படத்தின் நாயகனும் ஒரே குரலில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே ஆளைச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது.

உறுதியாகச் சொல்லக்கூடிய உதாரணங்கள் சில உண்டு. தைவான்காரரான பிரிஜிட் லின் கான்டனீஸ் பதிப்புகளில் இரவல் குரலில்தான் பேசினார். கேன்ஸில் தங்கப் பனை வாங்கிய 1993-இன் 'ஃபேர்வெல் மை கான்குபைன்' மாண்டரின் படம், அதில் லெஸ்லியின் வசனங்களில் பெரும்பகுதியைப் பேசியவர் ஒரு பெய்ஜிங் நடிகர், ஓபராப் பாட்டும் வேறு ஆட்கள் பாடியது. ஸ்டீஃபன் சௌவை மாண்டரினில் பார்த்தவர்களுக்குத் தெரிந்த அந்தக் கேலிச் சிரிப்பு தைவான் டப்பிங் கலைஞர் ஒருவருடையது. இதைத் தாண்டி, இன்ன படத்தில் இன்னாருக்கு இன்னார் பேசினார் என்று இணையத்தில் சுற்றும் நீளமான பட்டியல்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பிங் கலைஞர் பெயரைப் பெரும்பாலும் திரையில் போட்டதே இல்லை, அந்தப் பட்டியல்கள் காதால் கேட்டுச் சொன்னவை, என் காதும் அதே ரகம்தான். ரவுடிக் கும்பல் துப்பாக்கியைக் காட்டி நடிகர்களைப் படத்தில் ஒப்பந்தம் செய்த கதைகளும் அப்படியே. கும்பல்களின் தொல்லை நிஜம்; 1992 ஜனவரியில் திரையுலகமே அதை எதிர்த்துத் தெருவில் ஊர்வலம் போனது. யாரை யார் எங்கே மிரட்டினார் என்று பெயரோடு வரும் கதைகளில் பாதி டீக்கடைப் பேச்சு.

இன்னொன்று, நீங்கள் சிங்கப்பூரில் வளர்ந்தவராக இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். 1979-இல் அங்கே மாண்டரின் பேசுங்கள் இயக்கம் வந்த பிறகு கான்டனீஸ் தொடர்களைத் தொலைக்காட்சியில் மாண்டரின் டப்பிங்கோடுதான் போட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் அதே தொடரைக் கான்டனீஸில் பார்த்தோம். ஒரே சௌ யுன்-ஃபாட், ஜொகூரில் ஒரு குரல், உட்லண்ட்ஸில் ஒரு குரல்.

பாடகர்கள் நல்ல நடிகர்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பின்னூட்டத்தில் ஒருவர் 'பாடகர் என்பதால் திணிக்கப்பட்டவர்கள்' என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். திணிக்கப்பட்டவர்கள் நிறைய உண்டு, அந்தப் படங்களுக்கு நான் வசனவரி எழுதியிருக்கிறேன், கொட்டாவி வரும். ஆனால் ஜாக்கி சியுங்கைப் பாருங்கள். விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1984-இல் அமெச்சூர் பாட்டுப் போட்டியில் ஜெயித்தவர். 'ஆஸ் டியர்ஸ் கோ பை' படத்தில் தன்னை மீன் உருண்டை விற்கவைத்துவிட்ட அவமானத்தில் புழுங்கும் சின்ன ரவுடியாக அவர் வந்து நின்றால் ஆண்டி லாவ் மங்கிப்போவார். துணைநடிகர் விருதும் அதற்கே கிடைத்தது. லெஸ்லியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, 'டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்' ஒன்றே போதும். பெய்ஜிங்கில் பிறந்த லியோன் லாயின் சோகையான முகம் மற்ற படங்களில் பலவீனம், ஆனால் 1996-இன் 'காம்ரேட்ஸ், ஆல்மோஸ்ட் எ லவ் ஸ்டோரி'யில் சீனாவிலிருந்து வந்திறங்கிய அப்பாவியாக அதுவே பலமாகிவிட்டது. ஏரன் குவோக் ஆடத்தான் லாயக்கு என்று நினைத்திருந்தேன். மலேசியாவில் படமாக்கப்பட்ட 'ஆஃப்டர் திஸ் அவர் எக்ஸைல்' படத்தில், மகனைத் திருடப் பழக்கும் கையாலாகாத அப்பனாக அவரைப் பார்த்தபோது எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் பார்த்த ஆள் மாதிரியே இருந்தார். ஆண்டி லாவ் இந்த நால்வரில் மிகச் சிறந்த பாடகரும் இல்லை, மிகச் சிறந்த நடிகரும் இல்லை, உழைப்பில் மட்டும் அவரை அடிக்க ஆள் கிடையாது. சம்பாதித்ததில் ஒரு பகுதியை ஃப்ரூட் சானின் 'மேட் இன் ஹாங்காங்' போன்ற கைக்காசுப் படத்துக்கு உதவியாகத் தந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடு குலைந்த வருடம் என்று பலரும் 2003-ஐச் சொல்வார்கள். சார்ஸ் நோய் ஊரை முடக்கியிருந்த நேரத்தில் ஏப்ரல் 1 அன்று லெஸ்லி போய்விட்டார். கருப்பை வாய்ப் புற்றுநோயோடு இருந்த அனிதா நவம்பரில் கொலிசியம் மேடையில் கல்யாண உடையில் நின்று, அந்த ஜப்பானிய மெட்டில் அமைந்த பாட்டையே கடைசியாகப் பாடினார். டிசம்பர் 30 அன்று அவரும் இல்லை, வயது 40. மனதுக்கு இது பெரிய அடிதான், ஆனால் தொழில் சரிந்தது அதற்கும் முன்பே. திருட்டு விசிடியும் தைவான் பணம் நின்றுபோனதும் தொண்ணூறுகளின் பின்பாதியிலேயே முதுகெலும்பை முறித்துவிட்டன. 2004-இல் சீனாவோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் கூட்டுத் தயாரிப்புக்கு அங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு இல்லை என்று ஆனது. பெரிய இயக்குநர்கள் வடக்கே பார்க்கத் தொடங்கினார்கள், படங்கள் மாண்டரினுக்கு நகர்ந்தன. பாடகராகி நடிகராகும் பாதை அறுந்துவிடவில்லை. நர்ஸ் வேலையிலிருந்து பாட வந்த மிரியம் யுங் 2013-இல் சிறந்த நடிகை விருது வாங்கினார், 2018-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியிலிருந்து உருவான மிரர் பாட்டுக் குழுவின் பையன்கள் இப்போது படங்களில் வருகிறார்கள். ஆனால் வசூல் அந்தப் பக்கம் இல்லை. 2023-இல் ஹாங்காங்கில் பத்துக் கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டிய முதல் உள்ளூர்ப் படம் 'எ கில்டி கான்ஷன்ஸ்', அடுத்த ஆண்டு அதையும் மிஞ்சியது 'தி லாஸ்ட் டான்ஸ்', இரண்டிலும் நாயகன் டாயோ வோங். அவர் பாடகர் இல்லை, தனியாளாக மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைப்பவர். இரண்டும் சுத்தமான கான்டனீஸ் படங்கள்.

கடைசியாக, உங்கள் குழப்பத்தை நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீமிங் தளத்தில் ஒலித் தடம் 'சீனம்' என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் மாண்டரின் டப்பிங்தான், 'கான்டனீஸ்' என்று தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் இருந்தால் ஒரே காட்சியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். பேசும் குரல் மாறும், பாட்டு பல படங்களில் மாறாது. அந்தக் கான்டனீஸ் தடத்தில்கூடப் பழைய படங்களில் நாயகன் பேசும் குரல் அவருடையது என்று பந்தயம் கட்டாதீர்கள். பாட்டுக்கு வேண்டுமானால் கட்டலாம், முதலில் படத்தின் டைட்டிலில் பாடியவர் பெயரைப் பார்த்துக்கொண்டு.